கயிறு மாறிய குதிரை

பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்து ஆலவாய்க் காண்டத்துள், நரி பரியாக்கிய படலத்தைப் பாடஞ் சொல்லுவார்க்கும் கேட்பார்க்கும் இடையே தவறாது எழும் வினா ஒன்றுண்டு. அரிமருத்தன பாண்டியன் குதிரைகளை நன்கு நோக்கி வாங்கினனா, இலனா என்பதே அது. நோக்காது வாங்கினான், ஆகலின் ஏமாந்தான் என்பர் ஒரு சாரார். இறைவன் திருவிளையாட்டில் நோக்கினும் பயனின்று, ஆகலின் வினாவே பொருந்தாது என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் படலத்தைக் கூர்ந்து ஓதாமையான் எழுந்த விடைகளே என்பது எமது கருத்து. முன்னையது பாண்டியனுக்கு இல்லாத குற்றத்தை ஏற்றுகின்றது. பின்னையது புலவர் வேண்டுமென்றே வைத்த ஒரு குறிப்பைப் பயனற்றதாக்குகின்றது. அக்குறிப்பாவது, வணிகர் தலைவனாய் வந்த பெருமான் குதிரைகளைக் கயிறு மாறிக் கொடுத்தமை. அதனை விளங்கிக்கோடற்குக் குதிரை வாங்குவோர் எவற்றை நோக்குவர், எங்ஙனம் விலை மதிப்பர் என்பதை முதற்கண் அறிதல் வேண்டும்.

பாண்டியன் நோக்காது வாங்கினான் என்பது புராணத்தொடு முரணும். குதிரைகள் அவன் கண்முன் நடத்திக் காட்டப்படுகின்றன. நிறமும் சுழியும் கதியும் எடுத்துரைக்கப்படுகின்றன. அவன் கண்டு மகிழ்ந்து வாணிகத் தலைவனுக்குத் தூசு அளிக்கின்றான். அதனைத் தலைவன் கையான் ஏலாது செண்டினால் ஏற்கின்றான். அசுவ சாத்திரம் கூறும் இலக்கணம் அனைத்தும் அப்பரிகளிடத்து நிரம்பியிருந்தன என்பதே புலவர் கருத்து. ஆகவே பாண்டியனைக் குறைகூறுவார் குறைகூற வேண்டியது அவனை அன்று. அவன் கைக்கொண்ட நூலையே.

அந்நூலைச் சிறிது ஆராய்வோம். நம் நாட்டு அசுவ சாத்திர மரபு பழமையும் பரப்பும் உடையது. சாலிகோத்திரர் பெயரால் வழங்குவனவும், நகுலன் பெயரால் வழங்குவனவும் பல. நகுலன் பெயரிய அசுவ சாத்திரம் தஞ்சைச் சரசுவதி மகாலினின்றும் வண்ண ஓவியங்களொடு 1952இல் வெளியிடப்பெற்றது. இவற்றுள் பெரும்பகுதி நிறத்தையும் சுழியையும் பற்றியதே. நான்கு காலும் முகமும் வெள்ளையாயின் பஞ்சகல்யாணி. அவற்றொடு மார்பும் பிடரிமயிரும் வாலும் வெள்ளையாயின் அட்டமங்கலம். இன்ன இடத்துச் சுழி ஆக்கந்தரும், இன்ன இடத்துச் சுழி உடையானைக் கெடுக்கும் என இவ்வாறு செல்லும். இம்மரபு இறந்துபட்டதன்று. ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவிற் கூடும் குதிரைச் சந்தைக்குச் சென்றோர், கத்தியவாரும் மார்வாரும் ஆகிய இனத்துக் குதிரைகளைச் சூழ்ந்து நின்று முதலிற் சுழி பார்ப்பாரைக் காண்பர்.

சுழியும் நிறமும் விலையை ஏற்றவும் இறக்கவும் செய்யும் என்பதில் ஐயமில்லை. வாங்குவோன் நம்பிக்கையும் விலையின் ஒரு கூறேயாகலின். ஆயினும் அவை குதிரையின் உடல் நலத்தைக் காட்டமாட்டா. பஞ்சகல்யாணியும் நொண்டும், நற்சுழி வாய்ந்ததும் குருடாகும்.

அப்பழைய நூல்கள் அனைத்தும் இவ்வளவில் நின்றன என்று கூறிவிடுதல் நீதியன்று. வராகமிகிரர் பிருகத் சங்கிதையிற் குதிரை இலக்கணம் கூறும் அத்தியாயம் மிகச் சிறியது. அச்சிறு அத்தியாயத்தினும் சுழிகளைச் சொன்ன அவர் பல்லைச் சொல்ல மறந்திலர். முன்பற்கள் ஆறும் வெள்ளையாயிருப்பின் இளங்குட்டி; அவை பழுப்பேறின் இரண்டாண்டினது; நடுப்பல்லும் அதற்கடுத்ததும் ஓரப்பல்லும் முறையே விழுந்து முளைத்தலால் மூன்றும் நான்கும் ஐந்தும் ஆகிய ஆண்டுகள் அறியப்படும் என்பர். இக்காலக் கால்நடை மருத்துவர் கூறுவதும் பெரும்பாலும் இதுவே. நடுப்பால்பல் ஏறத்தாழ இரண்டரை ஆண்டிலும், அடுத்தது மூன்றரையிலும், ஓரத்தது நாலரையிலும் விழும். ஐந்தாண்டு நிரம்பிய குதிரையின் வாய் நிறைந்த வாய். அதன்மேல் கீழ்வரிசைப் பற்களின் மேலுள்ள குழிகள் தேய்ந்து மறைதல்கொண்டு எட்டாண்டுவரை ஒருவாறு மதிப்பர். அதற்கு மேற்பட்ட மதிப்பெல்லாம் அநுமானமே. முதிர்ந்த குதிரையின் பல்லிற் குழி தோண்டிச் சுட்டுக் கருக்கி இளமை காட்டும் வணிகரும், கண்ணுக்கு மேல் விழுந்த பள்ளத்திற் காற்றை ஊதி நிரப்பும் வணிகரும் மேனாட்டுச் சந்தைகளிற் பெயர்பெற்றவர். விலையிற் பெரும்பங்கு வயதினாலாவது என்பதை அவ்வஞ்சகர் முயற்சியே காட்டும்.

கௌடிலியர் நோக்கு வேறு. அர்த்தசாத்திரத்தில் அசுவாத்தியக்கனைப் பற்றிய இயலில் அவர் முழமும் விரலுங்கொண்டு குதிரையை அளக்கின்றார். உத்தம அசுவத்திற்கு முகம் 32 அங்குலம்; நீளம் முகத்தின் ஐம்மடங்கு; கணைக்கால் 20 அங்குலம்; உயரம் கணைக்காலின் நான்மடங்கு, அஃதாவது 80 அங்குலம். பழைய அங்குலத்தை இக்கால முக்கால் அங்குலமாகக் கொள்ளின், அவ்வுயரம் ஏறத்தாழ ஐந்தடியாம். போர்க்குதிரைக்கு இது மிகையன்று, குறையுமன்று. காம்போசம், சிந்து, ஆரட்டம், வனாயு என்னும் நாடுகளிற் பிறந்தவற்றை உத்தமம் என்றும், பாகுலிகம் முதலியவற்றிற் பிறந்தவற்றை மத்திமம் என்றும் அவர் வகுப்பர். அளவும் பிறப்பிடமும் ஏட்டில் எழுதிவைக்கத் தக்கன. அரசன் பொருட்டுக் கொள்வோன் பின்னர்க் கணக்குக் காட்டவேண்டியவன் என்பதைக் கௌடிலியர் ஒருபோதும் மறவார். திருவாதவூரடிகள் கதை தெரிந்த நமக்கு இவ்விடம் ஓதுந்தோறும் சிறு நகை தோன்றாதிராது.

இத்துணையும் நிற்கும் குதிரையைப் பற்றியன. குதிரையை ஓடவிட்டும் நோக்கல் வேண்டும். பாண்டியன் முன்னும் பரிகள் ஐந்து கதியும் காட்டின. ஆயினும் கதியின் அழகு காண்பது வேறு, கதியிற் குற்றம் காண்பது வேறு. பாய்ந்தோடுங்கால் நொண்டு மறையும். மெல்ல நடக்குங்காலும் ஒருவாறு மறையும். கடுந்தரையில், நேர்க்கோட்டில், கயிற்றைத் தளர்த்திப் பிடித்துத் துள்ளோட்டத்தில் ஓட்டும்போதே அது புலப்படும். முன்கால் ஒன்று நோவுடையதாயின் அக்கால் தரையிற் படும்போது தலை மேலெழும். நோவில்லாத கால் படும்போது தாழும். குளம்பை எடுத்து நோக்கி, வெடிப்பும் வெப்பமும் உண்டோ எனத் தொட்டறிதலும், ஓட்டி நிறுத்தியபின் மூச்சின் ஒலியைச் செவிகொடுத்துக் கேட்டலும் இதனொடு சேர்ந்தன. இக்காலத்து மிகுவிலை கொடுப்போர் கால்நடை மருத்துவரைக் கொண்டு மூட்டை மடக்கிப் பிடித்துவிட்டு ஓட்டியும், எலும்பை எக்ஸ்ரே படமெடுத்தும், நோவடக்கும் மருந்து கொடுக்கப்பட்டதோ என அறியக் குருதி எடுத்துவைத்தும் சோதிப்பர்.

இனி, நாம் கருதிய பொருளுக்கு மிகவும் வேண்டியது வருகின்றது. குதிரை வாணிகம் அறிந்தோர், விற்போன் வெளியே கொணர்ந்து நிறுத்திய குதிரையை நோக்குவதனோடு அமையார். அறிவியாது சென்று இலாயத்திலேயே நோக்க விரும்புவர். என்னை? சில நொண்டுகள் உடல் சூடேறியபின் மறைவன. முன்னரே ஓட்டிச் சூடேற்றி நிறுத்திய குதிரை குற்றமற்றதுபோல் தோன்றும். விடியலில் இலாயத்தினின்றும் எடுத்துவைக்கும் முதல் அடியிலேதான் உண்மை வெளிப்படும். கொட்டிலின் மரத்தைக் கடித்துக் காற்றை விழுங்குதல், நின்றவிடத்தே ஓயாது இருபுறமும் அசைதல், பக்கத்துக் குதிரையைக் கடித்தல், ஆள் அணுகின் உதைத்தல் ஆகிய தீக்குணங்கள் எல்லாம் கட்டுத்தறியில் தோன்றுவனவே. விட்டுவிட்டு வரும் கண்ணழற்சி ஒன்றுண்டு. அது தணிந்துள்ள நாளில் கண் தெளிந்தே இருக்கும். சுருங்கக் கூறின், ஒரு நாழிகை நோக்கியவன் குதிரையின் அந்நாழிகை நிலையையே வாங்குகின்றான்.

இதனை மனத்துக்கொண்டு படலத்தை மீண்டும் ஓதுக. பகலிலே, அரசன் முன்னிலையிலே, வீதியிலே பரிகள் குற்றமற நின்றன. அவற்றின் உண்மை வெளிப்பட்டது எங்கே? இலாயத்திலே. எப்பொழுது? நள்ளிரவிலே. எங்ஙனம்? பக்கத்து நின்ற பழங்குதிரைகளைக் கடித்துக் குதறியதனாலே. குதிரை வாங்குவோன் நோக்கற்குரிய இடமும் காலமும் எவையோ அவற்றிலேயே புலவர் உண்மையை வெளிப்படுத்தினார். முனிவர் பிறந்த ஊர் திருமறைக்காடு. அது கடற்கரை ஊர். கடல்வழி வந்த குதிரை வாணிகத்தின் வழக்குகள் அவர் செவிக்கு எட்டியிருக்கும் என்று கருதுதல் மிகையாகாது.

அறநூல்கள் இதன்பொருட்டே வாங்குவோனுக்குக் காலம் கொடுத்தன. யாஞ்ஞவல்கிய மிருதி, வாங்கிய பொருளைச் சோதித்தற்கு விதைக்குப் 10 நாளும், இரும்புக்கு ஒரு நாளும், ஊர்தற்கும் சுமத்தற்கும் உரிய விலங்குக்கு 5 நாளும், மணிக்கு 7 நாளும், கறவைக்கு 3 நாளும் வகுத்தது. குதிரை ஐந்து நாளின்பாற் படும். ஐந்து இரவு இலாயத்திற் கட்டி நோக்கிய குதிரையிடத்து ஒளிந்திருக்கும் குற்றம் சிலவே. நாரத மிருதி மற்றொன்று கூறும். வாங்குவோன் முன்னரே குணமும் குற்றமும் தானே ஆராயக் கடவன். ஆராய்ந்து உடன்பட்டுக் கொண்டது மீட்டும் விற்றோனைச் சாராது என்பது அது. இவ்விரண்டனுள் எது பாண்டியனுக்கு உரியது?

ஈண்டே கயிறு மாறல் வருகின்றது. விற்போன் கையிலிருந்த கயிறு வாங்குவோன் கைக்கு மாறுதல் விற்பனை முற்றியதற்கு அடையாளம். மாட்டுச் சந்தைகளில் துண்டின்கீழ் விரல் பிடித்து விலை பேசி முடித்தபின் நிகழ்வதும் அதுவே. புராணத்து வணிகர் தலைவன் அதனை வெற்றுச் சடங்காக விட்டிலன். கயிறு மாறியபின் நேர்வன எம்மைச் சாரா என்னும் உடன்பாட்டொடு மாறுகின்றான், அரசனும் உடன்படுகின்றான். ஆராய்ந்து உடன்பட்டுக் கொண்டமையின் நாரதர் விதி பற்றிற்று. உடன்பாட்டான் விலக்கியமையின் ஐந்து நாள் விதி அற்றது. பாண்டியன் குதிரையை நோக்குவதில் தவறினான் அல்லன். ஓர் இரவு காத்திராது கயிற்றை வாங்கியதே அவன் செய்தது. அரசன் ஆதலின் விரைந்தான் போலும். சந்தையில் நிற்கும் வண்டிக்காரன் அவ்வளவு விரையான்.

இனி விலை. படலத்தில் விலை பேசும் காட்சி இல்லாமை நோக்கத்தக்கது. விலை முன்னரே கொடுக்கப்பட்டுவிட்டது. கருவூலப் பொன் அமைச்சர் கையிற் சென்றது; திருப்பெருந்துறையில் திருப்பணி ஆயிற்று. காணாத குதிரைக்கு முன்னரே பொன் கொடுத்தல் புலவர் புனைந்ததோ எனின், அன்று. வாதவூரடிகள் காலம் பற்றிய வழக்கினுள் ஈண்டுப் புகவேண்டுவதில்லை. அடிகளுக்குப் பிற்பட்டதாயினும் பாண்டிநாட்டுக் குதிரை வாணிகத்தைக் காட்டும் சான்று 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் உண்டு. பாரசீக வரலாற்றாசிரியர் வாசாபு, கீசு தீவினின்றும் மாபாருக்கு ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் அனுப்ப உடன்பாடு இருந்தது என்றும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்றும், வழியில் இறந்த குதிரைக்கும் அவ்விலை அரச கருவூலத்தினின்றும் கொடுக்கப்பட்டது என்றும் எழுதியுள்ளார். அக்காலத்தே இந்நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஓர்முசு, கீசு, ஏடன் முதலிய துறைகளினின்றும் குதிரையேற்றிய கலங்கள் காயலில் வந்து நிற்பன என்றும், அரசன் ஆண்டுக்கு ஈராயிரத்துக்கு மேல் வாங்குவன் என்றும், ஆண்டிறுதியில் நூறும் எஞ்சா என்றும் கூறுவர்.

ஏன் எஞ்சவில்லை? குதிரை பேணத் தெரிந்தார் இந்நாட்டில் இலர், அத்தகையோர் இங்கு வாராதபடி வணிகரே தடுத்தனர் என்பர் போலோ. சோற்றை இறைச்சியொடு சமைத்துக் கொடுத்தனர் என்று அவரும், வறுத்த தானியத்தை வெண்ணெயிற் பிசைந்து கொடுத்துக் காய்ச்சிய பாலைக் குடிப்பித்தனர் என்று வாசாபும் எழுதுகின்றனர். புல்லும் கொள்ளும் தின்னற்குரிய விலங்குக்கு இவ்விருந்து நஞ்சேயாம். அன்பின்மையால் அன்று, அறியாமையால் கொன்றனர். குதிரையின் விலை கொடுத்த பொன்னோடு முடிவதில்லை. ஆண்டுமுழுதும் தீனியும் இலாடமும் மருத்துவமும் பேணுவோன் கூலியும் அதனோடு கூட்டி எண்ணப்பட வேண்டும், பேணத் தெரியாமையின் இழப்பும் எண்ணப்பட வேண்டும் என்பதற்கு இதனினும் பெருஞ்சான்று வேண்டா. இறந்ததற்கும் விலை கொடுக்கும் உடன்பாட்டில், உயிரொடு கொணர வேண்டும் என்னும் கவலை விற்போனுக்கு எவ்வாறு உண்டாகும்? கயிறு மாறுமுன்னரே இழப்பு வாங்குவோனைச் சார்ந்துவிடுகின்றது. இந்நிலத்து வாணிகத்தொடு ஒப்பிடின் புராணத்து வணிகர் தலைவன் நேர்மையுடையவன். கயிறு மாறுங்கால் அவன் கொடுத்தவை உயிருள்ள, நோயற்ற, இலக்கணம் நிரம்பிய குதிரைகள்.

இவ்விடத்து மறுப்பு ஒன்று எழும். நல்லது காட்டித் தீயது கொடுத்தவன் இருமடங்கு விலையும் தண்டமும் கொடுக்கக் கடவன் என்று அதே நாரத மிருதி கூறுகின்றது. பரி காட்டி நரி கொடுத்தமை அதன்பாற் படாதோ? இறைவன் கள்ளவாணிகம் செய்தான் என்று ஆகாதோ? இம்மறுப்பை எள்ளி ஒதுக்குதல் தகாது. படலத்தைக் கேட்கும் சிறார் கேட்பதும் இதுவே. கொடுத்தபொழுது அவை பரிகளே, நரிகள் பரிபோற் காட்டப்பட்டன அல்ல, அருளாற் பரியே ஆயின என்பது முதல் விடை. நரியைப் பரியாக்கிய செயலை அப்பரடிகளும் தேவாரத்திற் பெருமானின் ஆற்றலாகவே போற்றினர், மாயக்காட்சியாகக் கூறிற்றிலர். சட்டத்தளவில் இவ்விடை போதும். கயிறு மாறியபின் நேர்ந்த திரிபுக்கு விற்றவன் பிணையல்லன்.

ஆயினும் பாண்டியன் இழப்பு உண்மையானது. பொன்னும் போயிற்று, பழங்குதிரைகளும் மாண்டன. விற்றவனைத் தொடர வழியில்லை, கயிறு மாறிவிட்டது. எஞ்சி நிற்பவர் அமைச்சர் ஒருவரே. அரசன் சினம் அவர்மேற் பாய்ந்தது கொடுமையாயினும் வழக்கு முறைக்கு முற்றும் புறம்பானதன்று. பொன்னைப் பெற்றவர் அவர், குதிரைக்குப் பொறுப்பேற்றவர் அவர். அடிகள் வைகை மணலில் நிறுத்தப்பட்டமைக்குக் காரணம் கயிறு என்பதை உரைகாரர் பலர் சுட்டாது சென்றனர். அக்கயிறு இன்றேல் அரசன் வணிகரைத் தேடி ஆள் விடுத்திருப்பான். கதையும் வேறு வழிச் சென்றிருக்கும்.

முதல் விடையினும் வலிய இரண்டாவது விடையை முனிவர் மண் சுமந்த படலத்தில் வைத்தார் என்பது எமது துணிபு. வைகை பெருகிற்று. வந்தியின் கூலியாளாய் மண் சுமக்க வந்தவன், வேலை செய்யாது ஆடிப் பாடித் திரிந்தவன், பாண்டியன் கைப்பிரம்பால் அடியுண்டான். யாவன் அவன்? முந்நாளிற் செண்டு தாங்கிக் கயிறு மாறிக் கொடுத்து, இனி நேர்வன எம்மைச் சாரா என்று மொழிந்தவனே. சட்டப்படி தன்னைச் சாராதது என்று விலக்கிய இழப்பின் தண்டத்தை, இழந்தவன் கையாலேயே, தன் முதுகில் ஏற்றுக்கொள்ள அவன் மீண்டு வந்தான். அமைச்சர்மேற் சென்ற சினமும் அவ்வடியோடு அடங்கிற்று. மண் சுமந்த படலத்தைப் பிட்டின் பொருட்டும் வந்தியின் அன்பின் பொருட்டுமே விரித்துரைப்பது வழக்கம்; அது பொருந்தும். குதிரை வாணிகத்தின் எஞ்சிய கணக்கும் அப்படலத்திலேதான் தீர்க்கப்படுகின்றது என்பதையும் உடன்கூட்டி உரைத்தல் வேண்டும் என்பதே எம் வேண்டுகோள்.

கடவுள் மாமுனிவர் இயற்றிய திருவாதவூரடிகள் புராணத்தினும் குதிரையிட்ட சருக்கத்தை அடுத்தே மண் சுமந்த சருக்கம் நிற்கின்றது. இவ்வடைவு தற்செயலானது என்று கொள்ளற்கில்லை. மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவினும் நரி பரியாக்கிய விளையாடலும் பிட்டுக்கு மண் சுமந்த விளையாடலும் அடுத்தடுத்த நாள்களில் நிகழ்த்தப்பெறுகின்றன. முதல் நாள் குதிரை வணிகனாய் வழிபடப்பெறுபவன், மறுநாள் கூடையும் மண்வெட்டியும் தாங்கி வைகைக் கரைக்கு எழுந்தருளுகின்றான்.